இருபத்தைந்து காம்பு

காலை ஆறரைக்குக் கட்டு அறைக்குள் நுழைந்தால் மூச்சு புகையாக வரும். பூ வாடக்கூடாது என்று அந்த அறையை எப்போதும் குளிரிலேயே வைத்திருந்தார்கள். எலோடியா லஞ்சிம்பா கம்பளிச் சட்டைக்கு மேல் ரப்பர் ஏப்ரனைக் கட்டினாள். இடது கைக்குத் தோலுறை, வலது கைக்கு விரல்நுனி வெட்டிய துணியுறை. அவளுடையது ஏழாம் மேசை. சாய்ந்த பலகை, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் விரித்த அட்டை. வலப்பக்கம் உயரவாரியாகப் பிரித்த ரோஜாக்கள் நிற்கும் இரும்புக் கவை. இடப்பக்கம் எட்டாம் மேசையில் திரான்சித்தோ.

மேலடுக்கில் பன்னிரண்டு பூ, கீழடுக்கில் பதின்மூன்று, நடுவில் ஒரு தாள். மொட்டுகள் ஒன்றையொன்று தொட வேண்டும், நசுக்கக்கூடாது. அட்டையைச் சுருட்டி ஸ்டேப்ளர் பின் அடித்து, காம்புகளை ரப்பர் வளையத்தால் இறுக்கி, நுனியைக் கத்தரித்து, தன் எண் அச்சடித்த சீட்டை ஒட்டி, தலைக்குமேல் ஓடும் கம்பியில் மாட்டினால் ஒரு கட்டு. மணிக்குப் பதினாறு கட்டு கட்ட வேண்டும். குறைந்தால் பெயரை எழுதிக்கொள்வார்கள். மூன்று முறை எழுதினால் வாசலைக் காட்டுவார்கள்.

ஐந்தாம் மேசையிலிருந்து லுஸ்மிலா கத்தினாள். "இந்தப் பூவெல்லாம் வாங்கிக் குடுக்கிற ஆம்பளைங்க எல்லாம் பொண்டாட்டிக்கா வாங்குறாங்க?"

"பொண்டாட்டிக்கு வாங்குனா பிப்ரவரியில எதுக்குடி இவ்வளவு அவசரம்?" என்றாள் திரான்சித்தோ.

அறை சிரித்தது. எலோடியாவும் சிரித்தாள். "சனியன் புடிச்ச பூவு. முள்ளு நகத்துக்குள்ளயே போகுது" என்று எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினாள். அப்படித் திட்டுவதை அவள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பழக்கமாக வைத்திருந்தாள்.

பதினொரு வருடம் பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் பூ வெட்டியவள் அவள். மருந்தடித்த மறுநாள் பாத்தியிலேயே மயங்கி விழுந்தாள். ஒரே மாதத்தில் மூன்றாம் முறை விழுந்ததும் கட்டு அறைக்கு மாற்றினார்கள். வந்த புதிதில் முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள், ஒரு பூவைச் சட்டத்தில் வைக்கும்போதே அதற்குப் பக்கத்தில் வரவேண்டிய பூவை வலது கை தானாகப் போய் எடுத்திருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கை சரியாகவே எடுத்திருந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. எல்லா மொட்டுக்கும் ஒரு முகம் உண்டு. வெளியிதழ் முதலில் எந்தப் பக்கம் விரியப் போகிறதோ அதுதான் முகம். முகத்தை வெளியே காட்டி வைத்தால் கட்டு ஒரே பூவைப்போல நிறைந்து நிற்கும். மாற்றி வைத்தால் வேலிப்படல் மாதிரி இருக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கட்டி முடித்ததும் கம்பியில் மாட்டுவதற்கு முன் ஒருதரம் கையில் சுற்றிப் பார்ப்பாள். அந்த ஒரு சுற்று எந்தக் கணக்கிலும் கிடையாது. நாளெல்லாம் நின்று கால் மரத்துப்போன பிறகும் அந்தச் சுற்றுக்காக அடுத்த கட்டைத் தொடங்குவாள். வீட்டில் விறகு அடுக்கினாலும் வெட்டிய முகம் ஒரே பக்கம் பார்த்திருக்கும். புருஷன் அவுரேலியோ, "விறகு என்ன கல்யாணத்துக்கா போகுது?" என்று கேட்டதிலிருந்து வேண்டுமென்றே தாறுமாறாகப் போட்டாள்.

வெட்கமாக இருந்தது. இந்தக் கூடாரங்கள் நிற்கும் நிலம் முன்பு ஒரு பண்ணை. அவள் அப்பா பத்து வயதிலிருந்து அதில் கோதுமை அறுத்தவர். அறுப்பு வரிசையில் பின்தங்கியவனைச் சாட்டையால் அடிக்கக் குதிரைமேல் ஓர் ஆள் கூடவே வருவானாம். "பண்ணைக்காரன் வேலைய எவனாச்சும் ஆசையாச் செஞ்சான்னா மூஞ்சியிலேயே துப்பணும்" என்று அப்பா சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். எலோடியா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பூவைத் திட்டிக்கொண்டே கட்டினாள்.

அவள் கை இருபது கட்டுக்குப் போகக்கூடிய கை. ஆனால் பதினாறுக்கு மேல் அவள் எண்ணில் ஏறாது. மிச்சம் மூன்று நான்கு கட்டுக்குத் திரான்சித்தோவின் அறுபத்தொன்றாம் எண் சீட்டை ஒட்டிக் கம்பியில் மாட்டிவிடுவாள். திரான்சித்தோ எலோடியாவின் மூத்த மகனுக்கு ஞானத்தாய். பதினேழு வருடமாகக் கட்டுகிறவள். இரண்டு மணிக்கட்டும் வீங்கி, விரல்கள் காலையில் விரியாது. வெந்நீரில் அரை மணி நேரம் வைத்தால்தான் பஸ் கம்பியையே பிடிக்க முடியும். தனியாகக் கட்டினால் பதின்மூன்றுதான். ஊர்ப்பணியில் வாய்க்கால் வெட்டும்போது தன் பங்கை முதலில் முடித்தவர் கடைசி ஆளிடம் திரும்பி வந்து கைகொடுப்பது வழக்கம். மிங்கா என்றால் அதுதான். அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை. இவர்கள் இருவரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. சீட்டுச்சுருள் இரண்டு மேசைக்கும் நடுவில் கிடக்கும், அவ்வளவுதான்.

*

ஜனவரிக் கடைசியில், மத்தியானச் சாப்பாட்டில், திரான்சித்தோ தன் துணியைத் தரையில் விரித்தாள். பதினான்கு பெண்களும் கொண்டுவந்ததை அதில் கொட்டினார்கள். வறுத்த சோளம், அவித்த மொச்சை, தோலோடு உருளைக்கிழங்கு. எல்லாம் ஒரே குவியலாயிற்று.

"தின்னுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்றாள் திரான்சித்தோ. "வியாழக்கெழம ஒருத்தன் கடிகாரத்தோட வர்றானாம். சமையக்காரி கேட்டுட்டு வந்து சொன்னா."

"கடிகாரம் விக்கவா?" என்றாள் லுஸ்மிலா.

"உன்னைய அளக்க. ஆத்துக்கு அந்தாண்ட தோட்டத்துல போன வருசம் வந்தான். ஆளுக்கு ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னு பாத்தான். ஒருத்தி வேகமாக் கட்டிட்டா. அவ கட்டுனத வச்சு அத்தனை பேருக்கும் கணக்க ஏத்தி எழுதிட்டுப் போயிட்டான். நாப்பது பேருல ஒம்பது பேரு வீட்டுக்குப் போனாங்க."

யாரும் சோளத்தைத் தொடவில்லை.

"நாம என்ன செய்யணும் மதினி?" என்று எலோடியா கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம். பதினாறு. அவன் நிக்கிற நேரத்துல அதுக்கு மேல ஒரு காம்பு ஏறக்கூடாது. மிங்காவுல எல்லாரும் ஒரே மூச்சுல மம்பட்டி போடுறோம்ல, அந்த மாதிரி."

"ஏழாம் மேசைக்குத்தான் தனியாச் சொல்லணும். அது பேய் புடிச்ச கையி" என்றாள் லுஸ்மிலா.

"ஏன், எனக்கு இந்தச் சனியன் மேல ஆசையா என்ன?" என்றாள் எலோடியா. காது சுட்டது.

"சரி, கைய வைங்க" என்றாள் திரான்சித்தோ. பதினான்கு கைகளும் ஒரே துணியில் இறங்கின. ஒரே குவியலில் அள்ளித் தின்ற பிறகு பேச்சு மாற்றக்கூடாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். திரான்சித்தோ இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குவித்துத்தான் சோளத்தை அள்ளினாள். ஒரு கையால் அள்ளினால் விரலிடுக்கில் கொட்டிவிடும்.

*

கடிகாரக்காரன் சின்னப் பையன் மாதிரி இருந்தான். சுத்தமான சட்டை, மரியாதையான பேச்சு. கையில் பலகை மாதிரி ஒரு கணினி. ஒவ்வொரு மேசைக்குப் போகும்போதும் "உங்க வேலைக்கு இடைஞ்சலா வந்துட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றான். முதல் நாள் முழுவதும் அளந்துகொண்டிருந்தான். பதினைந்து, பதினாறு, பதினைந்து, பதினாறு. திரான்சித்தோ பல்லைக் கடித்துக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல், பதினைந்து கட்டினாள். அந்த ஒரு மணி நேரத்துக்காக விடியலில் எதையோ விழுங்கிவிட்டு வந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏழாம் மேசைக்கு வந்தான். கூடவே தோட்டத்தை நடத்தும் இஞ்சினியரும் வந்தார். கவையில் இருந்த சிவப்பு ரோஜாக்களை எடுக்கச் சொல்லிவிட்டு வேறு பூவைக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார்.

"புதுச்செடி. முதல் வெட்டு. தூரமாப் போகுது. ஒழுங்காக் கட்டு" என்றார் இஞ்சினியர்.

எலோடியா அந்தப் பூவை அதற்குமுன் பார்த்ததில்லை. பாலேட்டின் நிறம். ஒவ்வோர் இதழின் விளிம்பிலும் பிஞ்சுக்காயின் பச்சை ஒரு நூல் கனத்துக்கு ஓடியது. மொட்டு முட்டைபோலப் பெருத்திருந்தது. முதல் கட்டை மூச்சை எண்ணி எண்ணிக் கட்டினாள். பதினாறு. பதினாறு. மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் கட்டு அமையவில்லை. மொட்டு பெருத்ததால் கீழடுக்கில் எப்படி வைத்தாலும் ஒரு பூ பிதுங்கி நின்றது. இரண்டாம் கட்டில் ஓரப்பூக்களைத் திருப்பிப் பார்த்தாள். அப்போதும் பிதுங்கியது. பக்கத்தில் திரான்சித்தோ ஒருமுறை இருமினாள். மூன்றாம் கட்டில், நடுவிலிருந்த மூன்றை மட்டும் ஒரு விரற்கடை இறக்கி வைத்தாள். பிதுங்கிய பூ தானாக உள்ளே போய் உட்கார்ந்தது. இருபத்தைந்து பச்சை விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்று சுருள் சுருளாக ஓடி நடுவில் போய் முடிந்தன.

அவள் அதைக் கையில் சுற்றிப் பார்த்தாள்.

அதற்கப்புறம் எண்ணவில்லை. வலது கை கவைக்குப் போவதும் வருவதும் அவளுக்குத் தெரியவில்லை. முகம் பார்த்துப் பார்த்துப் பூக்கள் வந்து உட்கார்ந்தன. பக்கத்தில் திரான்சித்தோ இன்னொரு முறை இருமினாள். மறுபடி இருமினாள். கத்தரி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. யாரோ தூரத்து வீட்டில் பாத்திரத்தைப் போட்டுவிட்ட மாதிரிதான் அவளுக்குக் கேட்டது.

"நேரம் முடிஞ்சுது" என்றான் கடிகாரக்காரன்.

அவள் நிமிர்ந்தாள். வேர்த்திருந்தது. அந்தக் குளிரில், அந்த அறையில், அவளுக்கு வேர்த்திருந்தது.

"இருபத்து மூணு" என்றான்.

இஞ்சினியர் கம்பியில் தொங்கிய கட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுகூட நசுங்கல" என்றார்.

கடிகாரக்காரன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். கேலி எதுவும் இல்லாமல், உள்ளபடியே வியந்துதான் கேட்டான். "உங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்குமோம்மா?"

எலோடியா சிரித்துவிட்டாள். பல் தெரியச் சிரித்துவிட்டாள். இத்தனை நாளாக ஒளித்துவைத்ததை முதன்முதலாக ஒருவன் கண்டுபிடித்துச் சொன்னதும் உதடு அவளைக் கேட்காமலே விரிந்துவிட்டது. சிரிப்பு முடிவதற்குள் அறையில் கத்தரிச் சத்தம் நின்றிருப்பது காதில் விழுந்தது. அவள் திரும்பினாள். பன்னிரண்டு பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரான்சித்தோ மட்டும் குனிந்து, கீழே விழுந்த கத்தரியை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டிருந்தாள்.

*

சாயங்காலம் இஞ்சினியர் எல்லோரையும் நிறுத்திக் கைதட்டச் சொன்னார். எலோடியாவைப் படம் எடுத்தார்கள். பரிசாக அவள் கட்டிய கட்டிலேயே ஒன்றைக் கொடுத்தார்கள். அந்தத் தோட்டத்திலிருந்து ஓர் இதழ்கூட வெளியே போகக்கூடாது என்று தினமும் வாசலில் பையைக் கொட்டிச் சோதிப்பார்கள். அன்று காவலாளி கதவைத் திறந்துவிட்டான்.

பஸ்ஸில் சால்வைக்குள் கட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அட்டையின் முனை நெஞ்சில் குத்தியது. பின்னாலிருந்து லுஸ்மிலாவின் குரல் வந்தது.

"தள்ளி நில்லுங்கடி. மகாராணி பூவு நசுங்கிரப் போகுது."

யாரும் சிரிக்கவில்லை. அதற்கு அவர்கள் சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

"மதினி" என்று பக்கத்திலிருந்த திரான்சித்தோவிடம் மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தெரியல மதினி. எண்ணிக்கிட்டேதான் இருந்தேன்."

"ம்."

"வேணும்னு செய்யல."

"தெரியும்" என்றாள் திரான்சித்தோ. ஜன்னலுக்கு வெளியே கூடாரங்கள் மைல்கணக்கில் வெளுத்துக் கிடந்தன. "வேணும்னு செஞ்சிருந்தா செவுட்டுல ஒண்ணு விட்டுட்டு மறந்துருவேன். நீ சிரிச்சியே புள்ள. அவன் கேட்டதும் சிரிச்சியே."

எலோடியா ஜன்னலைத் திறந்து பூவை வீசிவிடலாம் என்று சால்வைக்குள்ளிருந்து எடுத்தாள். பஸ் குலுங்கியதில் ஓரத்தில் ஒரு பூ மேலே எழும்பியிருந்தது. அவள் விரல் போய் அதை அமுக்கி உள்ளே உட்கார வைத்தது. திரான்சித்தோ அந்த விரலைப் பார்த்துவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வீட்டில் அவுரேலியோ பால் கறந்துவிட்டு வந்து பூவைப் பார்த்தான். "இத பன்னி தின்னுமா?" என்றான். தின்னாது என்றாள். மாட்டுக்கொட்டகையில், ஓட்டை வாளிக்குள், யாரும் பார்க்காத இடத்தில் வைத்தாள். பன்னிரண்டு நாள் வாடாமல் நின்றது. தினமும் போய்ப் பார்த்தாள்.

*

திங்கட்கிழமை புதுக்கணக்கை ஒட்டினார்கள். மணிக்கு இருபது. ஏழாம் மேசையைத் தூக்கி அறைக்கு முன்னால், எல்லோரையும் பார்த்த மாதிரி போட்டார்கள். சுவரில் அவள் படம். பல் தெரிந்தது. அவளுக்கும் எட்டாம் மேசைக்கும் நடுவே இப்போது பத்துக் காலடி தூரம். சீட்டுச்சுருளைக் காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கினார்கள்.

எலோடியா இஞ்சினியரிடம் போனாள். "என்னையப் பழைய எடத்துக்கே அனுப்பிருங்க. இந்த வெளிச்சத்துல எனக்குக் கண்ணு கூசுது."

"இங்கதான் நல்ல வெளிச்சம்" என்றார் அவர். "மத்தவங்க உன்னையப் பாத்துக் கத்துக்கட்டும்."

உண்மையைச் சொல்லலாம். ஒரு வருசத்துக்கு மேலா அறுபத்தொண்ணாம் நம்பருக்கு நான்தான் மூணு கட்டு போடுறேன் என்று சொன்னால் அன்றைக்கே திரான்சித்தோவின் கதை முடிந்துவிடும். வாயை மூடிக்கொண்டு திரும்பினாள்.

மெதுவாகக் கட்டிப் பார்த்தாள். ஒரு நாள் பதினெட்டோடு நிறுத்தினாள். இஞ்சினியர் பக்கத்தில் வந்து சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினார். "இருபத்து மூணு கட்டுன கையி. பதினெட்டுன்னா வேணும்னு செய்யிறன்னு அர்த்தம். நான் எழுதட்டுமா?"

அவள் இருபத்திரண்டு கட்டினாள். அங்கிருந்து பார்த்தால் திரான்சித்தோ நன்றாகவே தெரிந்தாள். பதினான்கு கட்டினாள். பதின்மூன்று. ஒரு நாள் பதினொன்று. பிப்ரவரி பத்துக்குள் மூன்று முறை எழுதியாகிவிட்டது. ஆனால் ஆள் தேவைப்பட்ட சமயம் என்பதால் காதலர் தினப் பூவெல்லாம் விமானம் ஏறுகிறவரை வைத்திருந்தார்கள். பதினைந்தாம் தேதி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். தோட்டத்து டாக்டர், மணிக்கட்டு வீக்கம் வீட்டில் மாடு கறப்பதால் வந்தது என்று எழுதியிருந்தார். திரான்சித்தோவுக்கு மாடே இல்லை. தானாக விலகிக்கொள்வதாக ஒரு தாள் தயாராக இருந்தது. அவள் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். பதினேழு வருடத்துக்கு முந்திய கையெழுத்தோடு அது ஒத்துப்போகவில்லை என்று குமாஸ்தா இன்னொரு தாளைக் கொடுத்தான். மூன்றாவது தாளில்தான் ஒத்துப்போயிற்று.

எட்டாம் மேசைக்குப் புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, இளங்கை. கட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையை எலோடியாவிடம் தந்தார்கள். மொட்டின் முகம் எது என்று எலோடியா அவளுக்குச் சொல்லவே இல்லை.

*

மார்ச்சில் வாய்க்கால் மிங்கா வந்தது. பனிமலையிலிருந்து வரும் வாய்க்காலை ஊர் கூடிச் சுத்தம் செய்ய வேண்டும். வீட்டுக்கு ஒரு பங்கு, இருபது முழம், சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். எலோடியா மண்வெட்டியைப் போட்டாள். எட்டரைக்குத் தொடங்கியவள் பத்துக்கெல்லாம் தன் பங்கை முடித்துவிட்டாள். ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

கடைசிப் பங்கில் திரான்சித்தோ நின்றிருந்தாள். மண்வெட்டிப் பிடியைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் உடம்பு முழுவதும் சாய்ந்து எழும்பியது. ஐந்து முழம்கூட ஆகவில்லை. முடித்தவர்கள் வழக்கப்படி அவளை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள். எலோடியா வருவதைப் பார்த்ததும் லுஸ்மிலா நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள்.

எலோடியா வாய்க்காலுக்குள் இறங்கினாள்.

"நான் போடுறேன் மதினி. நீங்க உக்காருங்க."

திரான்சித்தோ வெகுநேரம் அவளைப் பார்க்கவில்லை. பிறகு பல்லால் முடிச்சை இழுத்துத் துணியை அவிழ்த்தாள். மண்வெட்டி விழுந்தது. கரைமேல் போய் உட்கார்ந்தாள். எலோடியா வெட்டினாள். மெதுவாக வெட்டினாள்.

"இப்ப எத்தனை?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"இருபத்து ரெண்டு."

"ஏத்திட்டானா?"

"போன வாரம்."

"உனக்கு எட்டுதா?"

எலோடியா மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எட்டுது."

வாய்க்காலுக்கு மறுகரையில் கூடாரங்கள் தொடங்கின. ஊர் வெட்டிய தண்ணீரில் பாதி, கனத்த குழாய் ஒன்றின் வழியாக அங்கேதான் போனது.

"அந்தப் பச்சை ஓரம் போட்ட பூவு இன்னும் வருதா?" என்று திரான்சித்தோ கேட்டாள்.

"வருது."

"நடுவுல மூண எறக்கி வச்சேல்ல."

எலோடியாவின் மண்வெட்டி நின்றது.

"எனக்கு அது ரெண்டாவது கட்டுலயே தெரிஞ்சிருச்சு" என்றாள் திரான்சித்தோ. "அந்த மூணத்தான் எறக்கணும்னு. உன்னையக் கூப்பிட்டுச் சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்காகத்தான் இருமுனேன் மொதல்ல."

எலோடியா நிமிர்ந்து பார்த்தாள். திரான்சித்தோ இரண்டு கைகளையும் மடியில் போட்டிருந்தாள். இடது கை விரல்கள் மடங்கவும் இல்லை, விரியவும் இல்லை. இருபத்தைந்து காம்பு பிடிக்கும் அளவுக்கு வளைந்து, அப்படியே நின்றிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை.